பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து

தலைமை வகிக்கும் படிப்பகத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் என் தங்கையே, பதினேழு படிகள் ஏறி இந்த மாடிக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையிலுள்ள ஐந்து தாள்களையும் நானே எழுதினேன். ஒன்பது நாட்கள் ஆயின. ஓர் எழுத்து குண்டு, அடுத்தது நோஞ்சான். வரிகள் எல்லாம் காயப்போட்ட துணி போலத் தொங்குகின்றன. நடுவில் நான் நின்றுவிட்டால் அழுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் எழுத்து எனக்கே புரியாமல் நிற்பதாகவும் இருக்கலாம். எழுபத்து மூன்று வயதில் எழுதப் பழகினேன். எழுத எழுத அப்படி ஒரு மகிழ்ச்சி! ஆனால் நான் முதன்முதலாக நீளமாக எழுதியது ஓர் இரங்கல் உரையாகவா இருக்க வேண்டும்?

நிபந்தனையார் போய்விட்டார். பதினேழு நாட்கள் ஆகிவிட்டன. அந்த மேஜையைப் பாருங்கள். ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடிய கைகள் இல்லை.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது வரிசையில் நின்றவர்கள். உதவி கேட்டு யாராவது போனைக் கொண்டுவந்து நீட்டினால், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அவர் அமுக்கவே மாட்டார். அதற்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் அனைத்தையும் உரக்கப் படித்துக்காட்டுவார். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். பின்னால் நிற்பவர்கள், "நிபந்தனை ஆரம்பிச்சிட்டாருய்யா, போய் டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கீழே இறங்கிவிடுவார்கள். கேலியாக வைத்த பெயர் நாளடைவில் 'ஆர்' சேர்ந்து மரியாதையாயிற்று.

நான் அவரிடம் போனது என் மனைவி இறந்த இரண்டாம் மாதம். அவள் நோயைப் பற்றி மகளிடம் போனில்தான் பேசியிருந்தேன். எழுதத் தெரியாதவன் வேறு என்ன செய்வேன்? அவள் போன பிறகும் அந்த போன் தினமும் அவளுடைய மருந்தை எனக்கு விற்றுக்கொண்டே இருந்தது. படம் போட்டு, சிரிக்கும் ஒரு பெண்ணைப் போட்டு! அதன் வாயை அடைக்கச் சொல்லித்தான் இந்தப் படிகளை ஏறினேன்.

அவர் தட்டித் தட்டி ஒரு பக்கத்துக்கு வந்து நிறுத்தினார்.

"டெய்லரய்யா, இதைப் படிச்சிட்டு அமுக்குங்க."

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. நீங்களே அமுக்கிடுங்க."

"மாட்டேன்யா. சம்மதம் உங்களது, விரல் என்னதா?"

"என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? நான் என்ன மந்திரியா?"

இதைச் சொல்லாதவர் இந்தக் கூட்டத்தில் யாராவது உண்டா? நம் எல்லோருக்கும் இது வாய்ப்பாடம் அல்லவா? அவர் கோபப்படவில்லை. கடையில் என் அளவு நோட்டு எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டார். எண்கள் எனக்குத் தெரியும். பெயர் எழுதத் தெரியாததால் பெயருக்குப் பதில் படம் போட்டிருப்பேன். குடை போட்டால் ஒருவர், மூக்குத்தி போட்டால் இன்னொருவர்.

"பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்."

"எதுக்குப் பூட்டு? அதுல என்ன ரகசியம்?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? நாலு வீட்டுப் பொம்பளைங்க அளவு இருக்கு. கண்டவன் பார்த்தா என் கடைக்கு யார் வருவா?"

"அவ்வளவுதான்யா" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. என் மனைவியின் நோய் யாருடைய நோட்டிலோ பூட்டில்லாமல் கிடக்கிறதே!

இந்தக் கணினிகளில் அவர் போட்டிருப்பது கட்டற்ற மென்பொருள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விட்டது. "ஓசியில வர்றது உருப்படியா இருக்குமா?" என்று நாம் கேட்டோமா இல்லையா? கேட்டோம். நானும் கேட்டேன். ஒரு தையல்காரனாக எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். உள்பக்கம் புரட்டிப் பார்க்க முடியாத சட்டையை நான் கையால் தொடமாட்டேன். புரட்டிப் பார்த்தால் தையல் தெரியும். பிரிக்கலாம், இடுப்பைத் தளர்த்தலாம். நிபந்தனையார் அப்படித்தான் எழுத்துப் பழகும் ஒரு நிரலைப் பிரித்து, என் மங்கிய கண்ணுக்காக எழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினார். அதில் ஏழு மாதம் பழகினேன். கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் மருந்துச் சீட்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றார்கள். ஆமாம், ஆகித்தான்விட்டது!

இனிமேல் சொல்லப்போவது என் குற்றம்.

படிப்பகக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். இந்தப் படிப்பகத்துக்குப் பன்னிரண்டு புதிய கணினிகளை இலவசமாகத் தருவதாக ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தது. மூன்று கையெழுத்துகள் போதும், இரண்டு விழுந்துவிட்டன. செயலாளர் என் கடைக்கே தாளைக் கொண்டுவந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகள் காத்துக் காத்துக் கொட்டாவி விடும் இந்தப் பழைய பெட்டிகளைப் பார்த்து வருந்தியவர் அவர்.

"பெரியவரே, இனிமே உங்களுக்குக் கைநாட்டு கிடையாதே! போடுங்க ஒரு கையெழுத்து."

"முழுப் பேரையும் போடட்டுமா?"

"ஜம்முனு போடுங்க!"

என் வாழ்நாளின் முதல் கையெழுத்து! நாக்கைத் துருத்திக்கொண்டு நாலு நிமிடம் போட்டேன். செயலாளர் கைதட்டினார். கடையில் இருந்தவர்களும் கைதட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, நான் படித்தேனா? படிக்கவில்லை. எதற்காக எழுத்துப் பழகினேனோ அதை மறந்தேன்.

ஒரு வாரம் கழித்து நிபந்தனையாருக்குத் தெரிந்தது. அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இங்கே வரும் ஒவ்வொருவரும் முகத்தைக் காட்டித்தான் கணினியைத் திறக்க வேண்டும். யார் எதைப் படித்தார், எதைத் தேடினார் என்பதெல்லாம் நிறுவனத்துக்குப் போகும் என்று முதல் பக்கங்களைப் படித்துச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி என் பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா வந்திருக்குய்யா" என்றார். "மீதியை நான் படிக்கிறேன். எங்கயாவது ஒரு வழி இருக்கும்."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இரண்டாம் நாள் நெஞ்சுவலி. வண்டியை வரவழைக்கும் செயலியில் அவர் மனைவி, நான் தங்கை என்று அழைப்பவர், 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கியிருக்கிறார். வண்டி வந்தது, உயிர் நிற்கவில்லை. "படிக்காம அமுக்கிட்டேண்ணே, அவரு கோவிச்சிருப்பாரா?" என்று அன்று என்னிடம் கேட்டார். இன்று எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். தங்கச்சி, அவர் கோவித்திருக்க மாட்டார். நீ அமுக்கியது அவர் மூச்சுக்காக. படிக்காமல் போட்ட தப்பான கையெழுத்து உன்னுடையதல்ல, என்னுடையது.

துக்கம் விசாரிக்கப் போன நாளில் தங்கை அந்த ஒப்பந்த நகலை என் கையில் கொடுத்தார். மொத்தம் பத்தொன்பது பக்கங்கள். பதினோராம் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது. அதுவரைதான் படித்திருக்கிறார். நான் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாட்கள். பதினான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: கையெழுத்திட்டவர்களில் எவரேனும் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் விலகினால் இந்த ஒப்பந்தம் செல்லாது.

இன்னும் மூன்று பக்கங்கள் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? நான்தான் அந்த மூன்று பக்கங்களைத் தின்றுவிட்டேனா? இந்தக் கேள்வி என்னோடுதான் வரும். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு இன்று இருபத்தாறாம் நாள். கைதட்டலோடு போட்ட கையெழுத்தை எல்லோர் முன்னிலும் எடுப்பதுதான் முறை. செயலாளர் அவர்களே, பிள்ளைகளுக்கு நல்ல கணினி வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரி. அதற்கு வேறு வாசல் தட்டுவோம், நானும் கூட வருகிறேன். திங்கட்கிழமை முதல் நிபந்தனையாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருபவர்களுக்கு நிபந்தனைகளைப் படித்துக்காட்டுவேன். அவர் அரை மணி நேரம் படித்ததை நான் அரை நாள் படிப்பேன். நீங்கள் இரண்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நிறுவனத்துக்கு எழுதிய விலகல் கடிதத்தைப் படிக்கிறேன்.

"ஐயா, நான் தையல்காரன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இப்போது படித்துவிட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் அளவு நோட்டு எங்களிடமே இருக்கட்டும். பதில் போடுங்கள். வராவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன். எனக்கு எழுத்துத் தெரியும்."

செயலாளர் அவர்களே, வாங்கிக்கொள்ளுங்கள். கீழே என் முழுப் பெயர் இருக்கிறது. தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்.