உரித்த கதவு

"ஹலோ... ஆ, சொல்லுங்கண்ணே... கேக்குது, கேக்குது... இல்லண்ணே, இன்னும் கதவுக்கு வரல. முன்னுக்கு பானெட் மட்டும்தான் ஆயிருக்கு... ஆமா... ஆமாண்ணே, மெதுவாத்தான் உரிக்கிறேன்."

பச்சைப் பொய். கதவு அரை மணி நேரத்துக்கு முன்பே உரிந்து முடிந்துவிட்டது. காமினி அதற்கு நேரெதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்புத் துகள்.

ஜெலுத்தோங்கில் காருக்கு நிறம் மாற்றும் கடை அவளுடையது. வேண்டியவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தருவாள். அது கட்டாது என்பவர்களுக்கு, காய்ந்த பிறகு தோல்போல் உரிந்து வரும் ஸ்ப்ரே அடித்துத் தருவாள். பதினோரு வருடத் தொழிலில் யாரிடமும் பூசி மெழுகிப் பேசியவள் இல்லை. இவள் வாய்க்குப் பயந்தே பேரம் பேசாமல் போனவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட வாய் இன்று முதல் பேச்சிலேயே பொய் சொல்லிவிட்டது.

"ஐயோ, அதுக்கு ஏண்ணே சாரி எல்லாம்... காலையில நீங்க அழுததுல என்னா தப்பு? கடையில வேற யாரு இருந்தா... சாப்பிட்டீங்களா?... என்னா சாப்பிடல? சாப்பாட்டு நேரத்துல போன புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே."

மறுமுனையில் யுகேந்திரன், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் காரை விட்டுவிட்டு, மூன்று வருடம் முன்பு அவளே அடித்த கறுப்பை எல்லாம் எடுத்துவிடச் சொன்னான். ஏன் என்று கேட்டதுதான் தாமதம், மனிதன் உடைந்து போனான். மகள் யாழிஷா போய் ஏழு மாதம் ஆகிறதாம். டெங்கிக் காய்ச்சல், ஒன்பது வயது. அந்தப் பிள்ளை எழுதியது கறுப்புக்கு அடியில் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் என்றான். காமினிக்கு அப்போதே ஒரு சந்தேகம். உரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"ம்... இல்ல, தோலா வரலண்ணே. மூனு வருசம் வெயில்ல கிடந்துச்சு லா. இந்த ஸ்ப்ரேய ரெண்டு வருசத்துக்குள்ள உரிச்சிரணும். இப்ப அப்பளம் மாதிரி நொறுங்குது, நகத்தால சுரண்டித்தான் எடுக்கிறேன்... ஸ்டிக்கரா இருந்தா சூடு காட்டினா போதும், முழுசா வந்துரும். நான் அன்னிக்கே சொன்..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் சொன்னது உண்மைதான். வெள்ளைக் கார், வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்திருந்த பிள்ளை, இருபது காசு நாணயத்தால் ஓட்டுநர் பக்கக் கதவில் பெரிது பெரிதாகக் கீறி வைத்திருந்தது: 'அப்பா காடி'. காருக்கு இங்கே காடி என்றுதான் பேச்சு. படித்த எழுத்தை எங்காவது எழுதிப் பார்க்க வேண்டுமே! யுகேந்திரன் கை நீட்டிவிட்டான். வீங்கிய கன்னத்தோடு பிள்ளை கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பியது. காமினி இரண்டு வழி சொன்னாள். ஸ்டிக்கர் தடிமன், கீறலைத் தொடவே வேண்டாம், அதுவே மூடிக்கொள்ளும், ஆனால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஸ்ப்ரே நாளைக்கே அடித்துவிடலாம், ஆனால் அது மெல்லிசு, கீறல் கறுப்பிலும் தெரியும், தேய்த்து எடுத்தால்தான் உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், சாயங்காலம் குரல் பதிவு அனுப்பினான்.

"... ஆ? கதவ மட்டும் கழட்டியா?... கழட்டலாம்ண்ணே, ஆனா எதுக்கு?... ஓ... வீட்டுக்குள்ள... ம்... வேற கதவு வாங்கி மாட்டிட்டு... வீட்ல அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?... ஐயோ, இன்னிக்கே சொல்லிட்டீங்களா?... ஹால்ல இடம் கூட ஒதுக்கியாச்சா..."

கடவுளே. இனி எதற்கு இழுத்தடிப்பது? இழுக்க இழுக்க அந்த வீட்டில் ஆசைதான் கூடும். காமினி எழுந்து நின்றாள்.

"அண்ணே... அண்ணே, ஒரு நிமிசம் நான் சொல்றத கேளுங்க. கதவு முடிஞ்சிருச்சு... முன்னமே முடிஞ்சிருச்சு. உங்ககிட்ட சொல்ல வாய் வரல... இல்லண்ணே... இல்ல. ஒன்னும் இல்ல... லைட் அடிச்சு, சாஞ்சு, குனிஞ்சு எல்லாம் பாத்துட்டேன்... ஒரு கோடு கூட இல்லண்ணே."

"... இல்ல, இப்ப அழியல. அப்பவே... ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னுக்கே... தேச்சாச்சு. மெல்லிசு உப்புத்தாள தண்ணியில நனைச்சு தேச்சு, அப்புறம் பாலிஷ் போட்டு... யாரா? நாந்தான்ண்ணே. என் கையாலதான் தேச்சேன்."

அரை நாள் தேய்த்தாள். 'பா'வின் கால் மட்டும் ஆழம், கடைசிவரை மல்லுக்கு நின்றது. நல்ல வேலை செய்தோம் என்று அன்றைக்குப் பெருமை வேறு.

"ஆமா... கேக்கல. உங்கள கேக்காம நானாத்தான் தேச்சேன். கடை வழக்கம்னு நெனச்சிட்டேன்... திட்டுங்கண்ணே... ஆமா... தப்புதான்... ஆமாண்ணே, எனக்கும் பிள்ளை இருக்கு... தெரியும்... சொல்லுங்க..."

வேறொரு நாளாக இருந்தால், இதில் பாதி வார்த்தைக்கே அவள் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்கக் கை போகவில்லை.

"... அண்ணே? லைன்ல இருக்கீங்களா?... அண்ணே?... ம், இருக்கேன்... என்னா கேட்டீங்க?... தேய்க்கச் சொல்லி நீங்க சொன்னீங்களான்னா?"

காலையில் அவன் போனதும் முதல் வேலையாக அந்தப் பழைய குரல் பதிவைத் தேடிக் கேட்டிருந்தாள். பதினோரு விநாடி. நன்றாகத் தேய்த்துவிடு, ஒரு கோடு கண்ணில் படக்கூடாது என்று யுகேந்திரனின் குரல் கத்துகிறது. அதற்குப் பின்னால், எங்கோ அறைக்குள்ளிருந்து, வேண்டாம்ப்பா என்று பிள்ளை அழுகிறது. பிள்ளையின் குரல் இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாமே என்று இரண்டு முறை கை போனது. கூடவே கலந்து கிடக்கும் அப்பன் குரலை வெட்டிவிட்டு அதை மட்டும் எப்படிக் கொடுப்பது?

"இல்லண்ணே... நீங்க சொல்லல."

"... இல்லண்ணே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்ப்ரே போதும்னு மட்டும்தான் சொன்னீங்க. தேய்க்கிறதப் பத்தி நீங்க வாயே தொறக்கல... மெசேஜா? மெசேஜ் எல்லாம் ஒன்னும் வரலண்ணே... சத்தியமா... என் பிள்ளை மேல சத்தியமா."

சொன்ன பிறகுதான் எதன்மேல் சத்தியம் செய்தோம் என்று உறைத்தது. ஆனாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"... பிள்ளையா?... கடையிலயா?... இல்லண்ணே, எங்க அழுதுச்சு? உங்க கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னுச்சு. கறுப்பு காடி நல்லா இருக்கும்லப்பான்னு கூட கேட்டுச்சு... ஆமாண்ணே, உங்களத்தான் கேட்டுச்சு... நீங்க சிரிச்சீங்க. மறந்துட்டீங்களா?... அண்ணே?... ஹலோ?... ஹலோ?"

அவன் வைத்துவிட்டிருந்தான்.