வெள்ளீயத்தில் முளைத்த முடி

விழாத் தலைவரும் திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவருமான நத்தர்ஷா அவர்களே, உத்தமபாளையத்துப் பெரியோர்களே, பறிப்பு வேலையைப் பாதியில் விட்டு அனுமந்தன்பட்டியிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவன், இன்று நன்றி சொல்ல நிற்கிறேன். யாருக்கு? நம் தலைவரின் மகள், பல்கலைக்கழகத்தில் உலோகப் பூச்சுகளை ஆராயும் ஷர்மினுக்கு. மெக்கானிக் ஆண்டனி ராஜுக்கு.

சென்ற ஆண்டு, 2008 மார்ச்சில், நம் குளிர்பதனக் கிடங்கு மூன்று முறை நின்றது. மூன்று முறையும் ஆண்டனி ராஜ் கண்ட்ரோல் போர்டைத் திறந்தார், பிரஷ்ஷால் தூசி தட்டினார், கிடங்கு ஓடியது. ஒரு பாகமும் மாற்றவில்லை. மாற்றாமல் எப்படி ஓடும்?

"ஏலே, நீயே நிறுத்திட்டு நீயே ஓட்டுறயாக்கும்?" என்றார் நம் சங்கத்துத் தவசி. (சிரிக்காதீர்கள் தவசி அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன்!) இனி வர வேண்டாம் என்று சங்கம் ஆண்டனி ராஜை அனுப்பியது.

நான்காம் முறையும் நின்றது. உள்ளே நாற்பது டன் பன்னீர் திராட்சை! விடுமுறைக்கு வந்திருந்த ஷர்மின் தலைவரிடம் சொன்னார்: "அத்தா, அவரையே கூப்பிடுங்க."

"பேப்பர்லயே போட்டுட்டாகளேம்மா!"

"கூப்பிடுங்க. ஆனா பிரஷ்ஷத் தொடக்கூடாது."

வந்தவர் தவித்தார். "தூசி தட்டாம நான் போர்டத் தொட்டதே இல்லம்மா."

"ஒரு நிமிசம் கையக் கட்டுங்கண்ணே." ஷர்மின் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒரு பாகத்தின் இரு கால்களுக்கு நடுவே மின்னியது ஓர் இழை. "இது தூசி இல்லண்ணே. வெள்ளீயம் தானா வளத்த முடி."

தாய்மார்களே, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோம் அல்லவா? அதைவிட மெல்லிய வெள்ளீயப் பூச்சு, செம்புக் கால்கள் மேல். கண்ணுக்கு வழவழப்பு, உள்ளே கணக்கில்லாத படிக மணிகள், ஒவ்வொன்றும் ஒரு சாய்வில். செம்பு அடியிலிருந்து ஏறி வெள்ளீயத்தோடு கலக்கக் கலக்க, பூச்சுக்குள் நெருக்கம் கூடுகிறது. பக்கத்து மணிகளோடு சாய்வு ஒத்துப்போகாத ஒரு மணி, மேலே பிதுங்கி முடியாய் வளர்கிறது! அடுத்த காலைத் தொட்டது, மின்சாரம் குறுக்கே பாய்ந்தது, கிடங்கு நின்றது. பிரஷ் பட்டு உதிர்ந்தது, கிடங்கு ஓடியது; வேறொரு முடி வளர்ந்தது, மறுபடி நின்றது. தன்மேல் குற்றமில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை, மூன்று முறையும் தானே தட்டிவிட்டார் அந்தச் சுத்தக்காரர்!

செம்பு மேலே ஏறாமல் தடுக்க, வெள்ளீயத்துக்கு அடியில் நிக்கல் பூசிய பாகங்களைப் போடச் சொன்னார் ஷர்மின். இன்றுவரை கிடங்கு நிற்கவில்லை.

பேப்பரில் போட்டது யார்? நான்தான். 'கிடங்கில் மெக்கானிக்கின் கைவரிசையா?' மூன்று பத்தி. அதன்பின் ஓர் அரிசி மில்கூட அவரை உள்ளே விடவில்லை. பிறகு எட்டு வரியில் திருத்தம் போட்டேன். அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள். இரண்டே கை! அதனால்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

ஆண்டனி ராஜ் கிடங்கை நிறுத்தவில்லை. நான் எழுதியது பிழை. உண்மையைக் காட்டிய ஷர்மினுக்கு நன்றி. பழி சொன்னவர்கள் அழைத்தபோதும் வந்த ஆண்டனி ராஜுக்கு நன்றி. மில்லிலும் கடையிலும் வீட்டிலும் இதை எடுத்துச் சொல்லப்போகும் உங்கள் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.