குளிரறைப் பூட்டின் நகல்

பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது எழுபத்தொன்று. கணவர் காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய மின்னணுப் பூட்டு நிறுவனத்தை இப்போது என் மகன் நடத்துகிறான். மருமகள் அதில் மென்பொருள் பொறியாளர். அவர்களுடனும் அவர்களுடைய கைக்குழந்தையுடனும் ஒரே வீட்டில் வசித்து வருகிறேன். நான் கான்வென்டில் படித்தவள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை.

எங்கள் பூட்டுகள் பல வகை. ஆனால் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதற்கான நிரல் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அது ஒரு பொதுக் கோப்பில் இருக்கிறது. அதில் ஒரு வரி மாறினாலும் நான் படித்து அனுமதிக்க வேண்டும் என்பது கணவர் காலத்து விதி. அனுமதித்த பிறகு ஒரு கணினி தானாகவே கோப்புகளைச் சேர்த்து ஒவ்வொரு பூட்டுக்கும் மென்பொருள் தயாரிக்கும். பொறியாளர்கள் என்னைச் சுங்கச்சாவடி என்று அழைப்பது எனக்குத் தெரியும்.

சென்ற மாதம், மின்சாரம் நின்றால் உள்ளிருந்து கதவு திறக்காது என்ற பிழை தெரியவந்தது. மருமகள் அப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். வேறொரு பொறியாளர் பொதுக் கோப்பைத் திருத்தினார், நான் படித்து அனுமதித்தேன், அதன் பிறகு கணினி எல்லாப் பூட்டுகளுக்கும் பச்சை காட்டியது, அதன் பிறகு புதிய மென்பொருளை எல்லா இடங்களிலும் ஏற்றினோம்.

நேற்றுக் காலை எங்கள் பூட்டு பொருத்தியிருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் மின்சாரம் நின்றபோது சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் குளிரறைக்குள் அகப்பட்டுக்கொண்டார். கதவை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் இருக்கிறது, விரல்களைப் பற்றி மருத்துவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நானும் மகனும் அங்கே போனபோது அவருடைய கையுறை ஒன்று உள்பக்கக் கைப்பிடியில் உறைந்து ஒட்டியிருந்தது.

அதன் பிறகு அலுவலகம் திரும்பி மருமகளை வரவழைத்தோம். அவள் கணினியைத் திறந்து, குளிரறைப் பூட்டின் கோப்புறையைக் காட்டினாள். அதற்குள் பொதுக் கோப்பின் பழைய நகல் ஒன்று அதே பெயரில் இருந்தது. கோப்புறைக்குள்ளேயே கோப்பு கிடைத்தால் கணினி பொது இடத்துக்குப் போகாது; அதனால் சென்ற மாதத் திருத்தம் இந்தப் பூட்டுக்கு வந்து சேரவே இல்லை. பச்சை என்றால் மென்பொருள் தயாராகிவிட்டது என்று பொருள்; எந்தக் கோப்பிலிருந்து என்று அது சொல்லாது.

யார் வைத்தது என்று கேட்டேன்.

“நான்தான் அத்தை. போன வருஷம் அந்தக் கிடங்குக்காரர் ஒரு மாற்றம் கேட்டு உயிரை வாங்கினாரு. உங்ககிட்ட ஒரு வரி பாஸ் ஆகறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும். அதான் ஒரு காப்பி எடுத்து, அதுல மாத்தி உள்ள போட்டேன். அப்புறம் எடுக்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தானே மூணு தடவை அனுப்பினேன்? மூணு தடவையும் திருப்பி அனுப்பினீங்க.”

அதன் பிறகு அவள் நகலை அழிக்கப் போனாள். போலீஸார் பார்க்கும்வரை தொடாதே என்று கையைப் பிடித்தேன்.

அதன் பிறகு வீட்டில் மகன் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினான். “அம்மா, காப்பி வைக்கச் சொன்னது நீங்கதான்னு சொல்லிடுங்க. உங்க வயசுக்கு யாரும் உள்ள தள்ள மாட்டாங்க. அவளுக்குப் பால் குடிக்கிற குழந்தை இருக்கு.” இரவு சாப்பாட்டை மருமகள்தான் பரிமாறினாள்.

நகலை வைத்தவள் என் மருமகள். வைக்கும்படி நான் சொல்லவில்லை. அவள் அனுப்பிய மாற்றத்தை மூன்று முறை திருப்பியது நான், விளக்கம் போதவில்லை என்பதற்காக. இது வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் நிலைய அதிகாரி சொன்னார். தேவை என்றேன், எழுதிக்கொண்டார்.

நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளிப் பெஞ்சில் குழந்தை அழுதது. என்னை இங்கே காரில் அழைத்து வந்ததும் மருமகள்தான். வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். இந்த ஒரு கதவுதான் என்று அதிகாரி சொன்னார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள்; இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இதில் உள்ளவை நான் பார்த்ததும் கேட்டதும் செய்ததும் மட்டுமே; அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)