அக்கா கேட்ட செம்புப் பானை

பெருமதிப்பிற்குரிய கமிட்டித் தலைவராக இருக்கும் மேலாளர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மின்பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் லேப் அக்காவின் மகளே, மருமகனே, கீழ்த்தெருவிலிருந்தும் குளத்துத் தெருவிலிருந்தும் வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் சொந்தங்களே! உலைக்கூடத்துக்காரனின் வணக்கம்.

"அண்ணே, சுருக்கமா பேசுங்க, கோவப்படாம பேசுங்க" என்று தலைவர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டில் ஒன்றுதான் என்னால் முடியும், தலைவரே. சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் நாற்பத்தோரு பேர் ஓர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடித் திறந்தால் அலுவலகம் இல்லை, நாற்காலி இல்லை. மனிதன் இன்னும் கல்லைக் கல்லால் தட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், முழங்கால் உயரப் புல்லில், கையில் டோக்கனோடு நின்றோம். என் எண் முப்பத்திரண்டு. இன்னும் கூப்பிடவில்லை.

எத்தனை படிப்பாளிகள் அந்தக் கூட்டத்தில்! விமானம் எப்படிப் பறக்கிறது என்று விளக்க ஆள் இருந்தது. செல்போனுக்குள் என்ன இருக்கிறது என்று மணலில் படம் போட்டுக்காட்ட ஆள் இருந்தது. ஆனால் ஒரு பானை? ஒரு ஊசி? அடுத்தவரைக் குறை சொல்வானேன், நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருபது வருடம் செம்புக் குழாயை வளைத்தவன். செம்பு எந்தக் கல்லில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது கடையில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் மாதம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? பசியோடு உட்கார்ந்து வாக்கெடுப்பு நடத்தினோம்! முதலில் எதைத் திரும்பச் செய்வது என்று வாக்கெடுப்பு! பிறகு இந்த மன்றத்தைக் கட்டியதும், மறக்கக் கூடாதென்று முடிவைக் கரியால் சுவரில் எழுதினோம். இதோ என் பின்னால் இருக்கிறது, பாருங்கள். ஒன்று, செல்போன். இரண்டு, மின்விளக்கு. மூன்று, மின்விசிறி. கடைசி வரியில் சோப்பு. சோப்புக்கு விழுந்தது இரண்டு ஓட்டு. ஒன்று லேப் அக்கா போட்டது. இன்னொன்று அன்று பதினொரு வயதாக இருந்த அவர் மகள் போட்டது.

அக்கா யார்? பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். முப்பது வருடம் அந்த வேலை. ஆசிரியர்கள் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிவிட்டுப் போவார்கள். கரைசலைக் கலக்கியது, குடுவையைக் கழுவியது, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கியது எல்லாம் அக்கா. நமக்கெல்லாம் பொருள்களின் பெயர் தெரியும். அவருக்குச் செய்யத் தெரியும். வேறென்ன சொல்ல?

முதல் வருடம் பிரசவத்தில் இரண்டு பெண்களைப் புதைத்தோம். அந்த இரண்டாவது குழியிலிருந்து திரும்பியதும் அக்கா அடுப்பை மூட்டினார். சாம்பல் தண்ணீரை வடிகட்டினார், மிருகக் கொழுப்பைக் காய்ச்சினார், மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டார், நான்காவது முறை சோப்பு கிடைத்தது. எந்த வீட்டில் வலி எடுத்தாலும் வாசலில் தொட்டியோடு நிற்பார். "கையைக் கழுவிக்கிட்டே அறுபது எண்ணு. வாய்விட்டு எண்ணு. மனசுக்குள்ள எண்ணுனா முப்பதுலயே நிறுத்திடுவ" என்பார். அதற்குப் பிறகு பதினான்கு பிரசவம். ஒரு தாய்கூடச் சாகவில்லை. ஒருத்திகூட!

அப்படிப்பட்டவர் இந்தக் கமிட்டியிடம் ஒன்பது வருடத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. என்னிடம் வந்துதான் முதலில் சொன்னார். "தம்பி, எனக்கு ஒரு செம்புப் பானை வேணும். ஃபிரிட்ஜுக்கு வளைப்பியே, அந்த மாதிரி ஒரு குழாயும் வேணும். புளிச்ச பழச்சாறைக் காய்ச்சி ஸ்பிரிட் வடிச்சுடலாம். ஆழமான புண்ணுக்குச் சோப்பு மட்டும் போதாதுடா." மண்பானையில் இரண்டு முறை வடித்துப் பார்த்தோம். ஆவியெல்லாம் விரிசல் வழியாகப் போய், ஒரு முறை கூரையே தீப்பிடித்தது.

சரி, செம்புதான் என்று முடிவு செய்தோம். செம்பு இருக்கும் பச்சைக் கல் தேடி மலைக்கு நடந்தோம். தோலில் துருத்தி தைத்தோம். நான்கு வருடம்! ஒரு பானைக்கும் ஒரு குழாய்க்கும் போதுமான செம்பு சேர்ந்தது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "பேத்தி பொறக்கறதுக்குள்ள செஞ்சுடுவியா?" என்று கேட்டார். செய்துவிடுவேன் என்றேன்.

அப்போதுதான் கமிட்டி கூடியது. பொறியாளர் எழுந்தார். "ஸ்பிரிட்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்கா. ஜனங்க சோர்ந்து போயிட்டாங்க. அவங்களுக்கு ஒரு வெளிச்சம் காட்டணும்" என்றார். பட்டியலில் இரண்டாவது இடம் மின்விளக்குக்குத்தானே என்று தலைவர் இந்தச் சுவரைக் காட்டினார். கையைத் தூக்கச் சொன்னார்கள். எத்தனை கை எழுந்தது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையும் எழுந்தது. எனக்கும் ஒரு பல்பைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அந்தச் செம்பை நானே அடித்துக் கம்பியாக்கினேன். மின்சாரம் எடுக்கக் காந்தக் கல்லைச் சுற்றிக் கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும், அதற்கு நடுங்காத கை வேண்டும் என்றார்கள். யாருக்கு நடுங்காத கை? அக்காவுக்கு! "என் பானையை நானே நூலா சுத்துறேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே சுற்றினார். கடைசிச் சுற்றில் கம்பியின் முனை கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது.

திறப்பு விழா நடந்ததே, மறந்துவிட்டீர்களா? இதே மன்றத்தில் கதவையெல்லாம் சாத்தினோம். நான்கு பேர் கைப்பிடியைச் சுற்றினார்கள். பல்பு என்று வைத்திருந்த கரி நூல் சிவந்தது. ஏழு எண்ணுவதற்குள் அறுந்தது. எல்லோரும் கை தட்டினோம். அக்கா மட்டும் ஒரு கையால் தொடையைத் தட்டினார். இன்னொரு கை வீங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு மறுபடியும் கை தட்டினேன்.

எட்டாம் நாள் அக்கா போய்விட்டார். மகள் வெந்நீரும் சோப்புமாக உட்கார்ந்து கழுவிக்கொண்டே இருந்தாள். சிவப்புக் கோடு தோள்வரை ஏறிவிட்டது. கடைசியாக என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது என்ன தெரியுமா? "மூடி இறுக்கமா இருக்கணும் தம்பி. ஆவி வெளிய போச்சுன்னா மறுபடியும் தீப்பிடிச்சுக்கும்." அப்போதும் அந்தப் பானையைப் பற்றித்தான்!

ஸ்பிரிட் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமலே நாம் எல்லோரும் இனிமேல் வாழ வேண்டும்.

மேடைக்கு மேலே என்ன எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள்? "ஒளி தந்த அன்னை." ஒளியா? அவர் கேட்டது ஒளியா? இருக்கும்போது பானையைப் பிடுங்கிக்கொண்டு, செத்த பிறகு பட்டம் கொடுக்கிறீர்களே, அதை யார் எந்தப் புண்ணில் தடவுவது? இறக்குங்கள் அதை!

அடுத்து ஒரு தீர்மானம் வரப்போவதாகத் தலைவர் சொன்னார். அக்காவின் நினைவாக அந்தச் சுருளை இந்த மன்றத்தில் வைத்துப் பாதுகாப்பதாம். மன்னிக்க வேண்டும். சுருள் இல்லை. வரும் வழியில் உலைக்கூடத்தில் புகையைப் பார்த்திருப்பீர்கள். துக்க நாளில் இவன் என்ன வேலை செய்கிறான் என்று சிலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அந்தப் புகையில்தான் சுருள் உருகிக்கொண்டிருக்கிறது. கமிட்டியைக் கேட்கவில்லை. யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், பானையை முடித்த பிறகு கொடுங்கள்.

அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அதற்குள் பானையும் குழாயும் வரும். மூடி இறுக்கமாக இருக்கும். அக்கா, இந்த முறை வாக்கு மாறமாட்டேன்.

இப்போது ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்வது வழக்கம். அக்காவுக்கு மௌனம் என்றாலே சந்தேகம், உங்களுக்குத் தெரியும். வாசலில் அவருடைய தொட்டி இருக்கிறது. அவர் கடைசியாகக் காய்ச்சிய சோப்பு இருக்கிறது. எல்லோரும் வாருங்கள், மேடையில் இருப்பவர்களும் இறங்கி வாருங்கள். அன்று கையைத் தூக்கியவர்கள் முதலில் நில்லுங்கள். அறுபது. வாய்விட்டு, அக்கா காதில் விழும்படி.

நான் தொடங்குகிறேன். ஒன்று.