சாவி பொருந்திய வண்டி

"ஹலோ... ஆமாங்க, திண்டிவனம்தான்... ஆமாம், ஆமாம், மண்டிதான், ஜீவேந்திரன்தான் பேசறேன்... விழுப்புரத்துல இருந்தா? கொஞ்சம் சத்தமா பேசுங்க, ஒன்னும் கேக்கல... என் வண்டியா? என் வண்டி என் வூட்டு வாசல்ல நிக்குது... உங்க வண்டியா? யாருங்க நீங்க?"

விழுப்புரத்தை ஒட்டிய காணைப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் சீனுவாசன் என்று பேர் வந்தது. ஜீவேந்திரனுக்கு அந்தப் பேரில் யாரையும் தெரியாது. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டையை வாங்கும்போதும் ஒருமுறை, விற்கும்போதும் ஒருமுறை எடை போட்டுப் பார்க்கிற மனுஷர் அவர். காலங்காத்தாலே டிரங்க் கால் போட்டு, 'உன் வாசலில் நிற்பது என் கார்' என்று ஒருவன் சொன்னால் சும்மா விடுவாரா?

"என் பேரு உங்களுக்கு யார் சொன்னது?... சாக்கா?... பின் சீட்டுல சாக்கு இருக்குதா? அதுல மண்டி பேர் போட்டிருக்குதா?"

காலிச் சாக்குகளைப் போன வாரம் அவர்தான் பின் சீட்டில் போட்டு வைத்தார். இறக்க மறந்துவிட்டார். ஆனால் அதை நேற்று வண்டிக்குள் எட்டிப் பார்த்த எவனும் சொல்லிவிடலாமே. அப்படி எட்டிப் பார்த்தவன் ஒருவன் இருக்கத்தான் செய்தான்.

நேற்று விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். டிரைவர் முருகையன் ஊருக்குப் போயிருந்ததால் தானே ஓட்டிக்கொண்டு போய், ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் சாவி இல்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாக வேண்டும். சமணக் குடும்பம், விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைப்பதில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் இருந்து ஒரு பூட்டுக்காரரை ஜல்தி ஜல்தி என்று இழுத்து வந்து, அவர் தலைக்குக் குடை பிடித்தபடி, இந்த வண்டிதான் என்று காட்டினார். பூட்டுக்காரர் ஒரு வெறும் சாவியைப் பூட்டில் விட்டு விட்டு எடுத்து, அரத்தால் ராவி ராவி, கடைசியில் கதவைத் திறந்து கொடுத்தார். அதே சாவிக்கு இன்ஜினும் ஸ்டார்ட் ஆனது. கியர் வழக்கத்தைவிட இதமாக விழுந்ததில் ஜீவேந்திரனுக்கு அப்போது சந்தோஷம்கூட.

"இருங்க, இருங்க. நான் ஒன்னு கேக்கறேன். நீங்க அந்த பூட்டுக்காரர் ஆளா?... நடிக்காதீங்க. எனக்கு ஒரு சாவி போட்டுக் குடுத்துட்டு, அதே மாதிரி இன்னொன்னு போட்டு வச்சிக்கினீங்களா? வண்டிய எடுத்துக்கினு விழுப்புரம் வா, வாசல்ல வுட்டுட்டு உள்ள வான்னு சொல்லுவீங்க, அப்பறம் அந்த சாவிய போட்டு ஓட்டிக்கினு போயிடறதா?... கத்தாதீங்க. நான் கத்தறனா?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அடுப்படியில் இருந்த மனைவி சந்திரவதியைக் கூப்பிட்டார். வாசலுக்குப் போய் வண்டி நம்பரைப் பார்த்து வரச் சொன்னார். வீட்டு வண்டி நம்பரைப் பார்க்க எதற்கு வாசலுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். போய்ப் பார் என்றார்.

"சொல்லுங்க... டிக்கியா? நான் ஏன் டிக்கிய தொறக்கறேன்... அதான், ஏன் தொறக்கக் கூடாதுன்னு கேக்கறேன்... உள்ள என்னா இருக்குது?... என்னா இருக்குதுன்னு சொல்லுங்களேன், ஏன் முழுங்கறீங்க?"

அந்த முழுங்கலில் ஜீவேந்திரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. பாண்டிச்சேரியில் இருந்து பாட்டில் பாட்டிலாகச் சாராயம் கார் டிக்கியில் வருவதும், விழுப்புரம் ரோட்டில் போலீஸ் மறித்துப் பிடிப்பதும் ஊரறிந்த சங்கதி. பாட்டன் காலத்தில் இருந்து அந்த வீட்டு நிழலில்கூட அந்த வாடை பட்டதில்லை. இப்போது வாசலில் நிற்கிறதா அந்தக் கருமம்?

"பாண்டி சரக்கா?... வாய மூடிக்கினு இருந்தா என்னா அர்த்தம்? நான் இப்பவே போலீசுக்குப் போறேன், அவுங்களே வந்து தொறக்கட்டும்... என்னா?... நீங்களே ஸ்டேஷன்லதான் இருக்கீங்களா?... போலீஸ் ஸ்டேஷன்லயா?... கம்ப்ளைண்ட் குடுத்துட்டீங்களா... திருடனா? என்னையா சொல்றீங்க?"

நடுவில் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல் நுழைந்தது.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சா? கட் பண்ணாதம்மா, கட் பண்ணாத... நீங்க சொல்லுங்க, இன்னும் வேணும்னு அந்தம்மா கிட்ட சொல்லுங்க... ஆங், சரி."

சந்திரவதி உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நம்பரைச் சொன்னாள். ஜீவேந்திரன் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அவள் அதையேதான் சொன்னாள். அது அவர் வண்டி நம்பர் இல்லை. பின் சீட்டில் சாக்கு எதுவும் இல்லை, சீட்டு உறையே வேறு நிறம் என்றாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மரத்தடியில் வெள்ளை அம்பாசிடர் இரண்டு நின்றிருக்கின்றன. மழையில் அவர் காட்டிய வண்டிக்குப் பூட்டுக்காரர் ஒழுங்காகத்தான் சாவி செய்து கொடுத்திருக்கிறார்.

"ஹலோ... இருக்கேங்க... உங்க வண்டிதான். நான்தான் மாத்தி எடுத்துக்கினு வந்துட்டேன்... ஆமாங்க, ஆமாம், தப்பு என்னுதுதான்... நேத்து நீங்க ரயில் ஸ்டேஷன்ல என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?... பையன் ரயில்ல வந்தாரா... லேட்டா... சரி... சரிங்க... டிக்கியில என்னாங்க? இப்பவாச்சும் சொல்லுங்க."

இந்த முறை பதில் வந்தது. ஜீவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாருங்க?... சம்சாரமா?... அம்சாங்களா பேரு..."

சந்திரவதி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல், கேட்டதை அவளுக்கும் கேட்கிற மாதிரி திரும்பச் சொன்னார்.

"கலயத்துலயா... வூட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு டிக்கியிலயே வச்சிருந்தீங்களா... பையன் வந்ததும் நேரா மரக்காணத்துக்குப் போயி, விடியக் கடல்ல கரைக்கறதா இருந்தீங்க... ஐயோ. சொல்லி இருக்கலாமேங்க... ஆமாம். எப்படி சொல்லுவீங்க. திருடன் கிட்ட எப்படி சொல்லுவீங்க."

அந்த மனுஷர் டிக்கியைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சியதன் காரணம் இப்போது புரிந்தது. உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால், திருடியவன் அதை ஏரியிலோ குப்பையிலோ வீசிவிட்டுப் போய்விடுவானே என்கிற பயம். ஆனால் இப்போது அவரே வேறு ஒன்று கேட்டார். ரோடெல்லாம் பள்ளம், கலயம் உடையாமல் இருக்கிறதா என்று.

"தெரியலைங்க. பார்த்துட்டு வந்து சொல்றேன். வச்சிடாதீங்க, லைன்லயே இருங்க."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். புதுச் சாவியின் விளிம்பில் அரம் பட்ட பிசிர் இன்னும் விரலைக் கீறியது. டிக்கிப் பூட்டில் அதை விட்டுத் திருப்பினார். நேற்று வரும் வழியில் ஒரு பெரிய பள்ளத்தில் தடால் என்று இறக்கியது நினைவுக்கு வந்தது. மூடியைத் தூக்கினார்.

திரும்பி ஓடிவந்தபோது மூச்சு வாங்கியது.

"ஹலோ, இருக்கீங்களா?... முழுசா இருக்குதுங்க. கட்டின துணி கூட நனையல. பொடவையில சுத்தி ஸ்டெப்னி பக்கத்துல அண்டக் குடுத்து வச்சிருந்தீங்க பாருங்க, அப்படியே இருக்குது... அவுங்க பொடவையா... அழாதீங்க. அழாதீங்கன்னு சொல்றேன்ல..."

ரிசீவரை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் இப்பவே வர்றேன்... இல்லைங்க, நீங்க பஸ் ஏற வேணாம். நானே ஓட்டிக்கினு வர்றேன். என் வண்டிக்கு வூட்டுல வேற சாவி இருக்குது, அதயும் எடுத்துக்கறேன்... இன்ஸ்பெக்டர் கிட்ட நானே நின்னு சொல்றேன், உள்ள வைக்கறதுன்னா வைக்கட்டும்... என்னாங்க?... வர மாட்டேன்னு நினைக்கறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. சற்று முன்பு வரை அந்த மனுஷரைக் கள்ளச்சரக்குக்காரன் என்று பேசியவர்தானே. தன்னை அவர் எதைக்கொண்டு நம்புவார்?

பக்கத்தில் வந்து நின்ற சந்திரவதி மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"கேளுங்க. என் சம்சாரமும் கூட வர்றா. பேரு சந்திரவதி... ஆமாங்க. டிக்கியில வேணாமாம், ரோடு மோசம். பின்னாடி ஒக்காந்து மடியில வச்சிக்கினு வர்றேன்னு சொல்றா. குலுங்காது. நான் மெதுவாதான்... ஹலோ?... ஹலோ... சீனுவாசன்?... மடியில வச்சிக்கினு வர்றாங்க, கேட்டுதா?... ஹலோ..."

லைன் அறுந்திருந்தது. எதுவரை அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. ஜீவேந்திரன் ரிசீவரை வைத்துவிட்டு அலமாரியில் இருந்த பழைய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சந்திரவதி பின் சீட்டில் ஏறி, இரண்டு கையாலும் கலயத்தை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.