கனடாவிலும் லயமா?

கரவனெல்ல போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் சத்தமாகச் சொன்னான்: "கனடாவுலயும் லயம் தர்றானாம் மச்சான். வேணாம்னுட்டேன்."

தோட்டத் தொழிலாளிகளுக்குத் தரும் வரிசை வீடுதான் லயம். அப்பா செத்த கையோடு எங்கள் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, தோட்டம் பிடுங்கிக்கொண்டது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன். பேசியவன் கொழும்புக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறவன். பக்கத்தில் அவன் பெண்டாட்டியின் அண்ணன்.

"லொறிக் கம்பெனிக்காரன் சும்மா வீடு தர்றான். பைத்தியமா ஒனக்கு?"

"வேலைய விட்டா வீட்டயும் விடணுமான்னு போன்ல கேட்டேன். ஆமான்னான். அப்ப அது லயந்தானே? தொர மட்டும் வேற."

"இன்னொரு கம்பெனிக்கும் எழுதிப் போட்டியே, அவன் கைய விரிச்சா? என் தங்கச்சி காலம் பூரா காம்பராவுலயே கெடக்கணுமா?"

"அவன் வீடு தரல. வாடகைக்கு நீயே பாத்துக்கன்னான். அதான் அவன புடிச்சேன். நேத்து விசா வந்திருச்சு மச்சான்!"

"அட நாசமா போறவனே, இத மொதல்ல சொல்ல மாட்டியா?" அண்ணன்காரன் அவன் முதுகில் ஓங்கி அறைந்தான்.

"இனி எவனும் வந்து வீட்ட விட்டு எறங்குன்னு சொல்ல முடியாது!"

கரவனெல்ல வந்தது. "பஹின்ன, பஹின்ன! எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினான்.

"இவன் ஒருத்தன் சொல்லலாம்" என்று சிரித்துக்கொண்டே அவன் இறங்கினான்.