அவன் படங்களில் என் குரல்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அசைந்தால் கிறீச்சிடும், உங்கள் பதிவில் அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். இதில் உட்காருங்கள். தேநீரைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஆறினால் வாயில் வைக்க முடியாது.

தம்பியின் படங்களை வரிசைப்படுத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வசூல், விமர்சனம், விருது என்று உங்கள் வார இதழ் வழக்கமாகப் போடும் அதே மூன்று கணக்கில். தருகிறேன். அவன் படங்களை என்னைவிட அதிகத் தடவை பார்த்தவர் இந்த உலகத்தில் இல்லை. அவனே அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டான்.

கூடவே போனில் இன்னொன்றும் கேட்டீர்கள். "அன்னைக்குத் தொண்டை டாக்டர்கிட்ட அவரை நீங்க கூட்டிட்டுப் போனீங்களா சார்?" அது அவன் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். தப்பில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தம்பி என்று நான் சொல்வது உறவு முறையில் அல்ல. முதல் நாளே அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டான், நானும் தம்பி என்றேன், அப்படியே நின்றுவிட்டது. அப்போது நான் சில்லறைக் குரல்காரன். போலீஸ்காரர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வாயசைத்தாலும் பின்னால் என் குரல் இருக்கும். டாக்டர்களுக்குத்தான் நிறையப் பேசியிருக்கிறேன். "எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம், இனி கடவுள் கையில" என்று எத்தனை குடும்பங்களை அழ வைத்திருப்பேன், கணக்கே இல்லை.

தம்பிக்கு முகம் இருந்தது, தோள் இருந்தது, குரல் இல்லை. அத்தனை பெரிய உடம்பிலிருந்து மீசை முளைக்காத பையனின் குரல் வந்தது. முதல் படத்தை முடித்துவிட்டுத் தயாரிப்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் அவன் வாயையே பார்த்தபடி முதல் வசனத்தைப் பேசினேன். தயாரிப்பாளர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

அதன் பிறகு அவனுக்கு ஏறுமுகம். அவன் போலீஸாக நடித்த படம் வசூலில் அதுவரை வந்த எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஒருமுறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பையன்கள் அந்தப் படத்தின் வசனத்தைப் பேசிக் காட்டிக்கொண்டு வந்தார்கள். அடித்தொண்டையிலிருந்து, நான் இழுத்த இடத்தில் இழுத்து, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காரில் போகும்போது, "ஜனங்க கை தட்டுறது உங்களுக்குத்தாண்ணே, நான் சும்மா வாயசைக்கிறேன்" என்பான். மேடையில் அதைச் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அந்தக் கண்ணாடிக்கார இயக்குநர் வந்தார். ரயில்வே கேட் காவலாளி ஒருவனின் கதை. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்வேன், யார் நடிக்கிறாரோ அவரே பேச வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். தம்பி நேராக என் வீட்டுக்கு வந்தான். இதோ, இந்த அறைக்குத்தான்.

"அண்ணே, எனக்குப் பேசக் கத்துக்கொடுங்க."

"உனக்கு எதுக்குப்பா அது? நான் இருக்கேன்ல?"

"அவர் ஒத்துக்க மாட்டேங்கிறார்ணே. இந்த ஒரு படம்தான். கேவலப்பட்டுடக் கூடாது, அவ்வளவுதான்."

கற்றுக்கொடுத்தேன். மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் இருக்க, பேசாத இடத்தில் பேசாமல் இருக்க. என் வாயில் இருந்ததை எடுத்து அவன் வாயில் ஊட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் வருவான், என் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அந்தச் சன்னக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை இறங்கி, ஒரு மனிதனின் குரலாக நின்றது. என் குரல் மாதிரி இல்லை. அதில் ஒரு தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தை எடுத்துவிட எவ்வளவோ பார்த்தேன், போகவில்லை.

அந்தத் தயக்கத்தைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். படம் சுமாராகத்தான் ஓடியது. ஆனால் தேசிய விருது, வெளிநாட்டு விழா, அங்கே ஒரு விருது, இங்கே ஒரு விருது. "இத்தனை காலம் இந்தக் குரலை எங்கே பூட்டி வைத்திருந்தார்கள்?" என்று ஒரு விமர்சனத்தில் கேட்டிருந்தார்கள். உங்கள் இதழில்தான். நீங்கள் எழுதியதா? இல்லையா? சரி, விடுங்கள்.

கொஞ்ச நாளில் அவன் படங்களை வரிசைப்படுத்திச் சிறப்பிதழ் போட்டீர்கள். கேட் காவலாளி முதல் இடம். வசூலில் யாரும் தொட முடியாத போலீஸ் படம் எங்கேயோ கீழே கிடந்தது. ஏன் என்று பார்த்தேன். "இரவல் குரல் படத்தின் பலவீனம்" என்று ஒரு வரி. எத்தனையோ வருட உழைப்பு, மார்க் கழிப்பதற்கான காரணமாக அச்சில் வந்திருந்தது. அதில் என் பெயர்கூட இல்லை.

கோபம் வரவில்லை. உங்கள் கணக்கு உங்களுக்கு. ஆனால் வேறொன்று நடந்தது. கேட் காவலாளியை டிவியில் போட்டார்கள். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி. அவள் சினிமாவுக்கு அழுகிறவள் இல்லை.

"இதுக்குப் போய் அழறியா?" என்றேன்.

"இப்பத்தாங்க இந்தத் தம்பி நெஜமாப் பேசற மாதிரி இருக்கு."

"முன்னாடி?"

"முன்னாடி உங்க குரல் வந்ததும் உங்க ஞாபகம் வந்துடும். மளிகைக்குப் பணம் கேக்கணுமேன்னு தோணும். அழுகை எங்கேர்ந்து வரும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வெள்ளந்தி, மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் சொன்னது எனக்குள் உட்கார்ந்துகொண்டது. சாப்பிட்டால் சாப்பாட்டின் மேல் உட்காரும், படுத்தால் நெஞ்சின் மேல் உட்காரும்.

தயாரிப்பாளர்கள் என்னைக் கூப்பிடுவது நின்றது. தம்பி மட்டும் விடவில்லை. குரல் ஆசிரியர் என்று ஒரு பட்டம் கொடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கூடவே வைத்துக்கொண்டான். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மைக் முன்னால் அவன். நான் நின்ற அதே இடம்.

குத்துச்சண்டைப் பயிற்சியாளராக நடித்தானே, அந்தப் படத்தில்தான் முதலில் கேட்டேன். ஒரு கரகரப்பு. சளி கட்டினால் வருவது வேறு, கத்திப் பேசினால் வருவது வேறு, இது வேறு. இரண்டு மூன்று வாரமாகியும் போகவில்லை. எச்சில் விழுங்கும்போது காதுக்குள் சுருக்கென்கிறது என்று போகிற போக்கில் சொன்னான். வில்லன்களுக்குக் குரல் கொடுத்த என் நண்பர் ஒருவருக்கு இதே கரகரப்பு, இதே காது வலி வந்தது. கடைசியில் அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது எழுதிக் காட்டித்தான் பேசினார். அடுத்த மழைக்கு அவர் இல்லை.

ஆகவே எனக்குத் தெரிந்தது. சந்தேகம் இருந்தது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. டாக்டருக்கு முன்னால், அவன் மனைவிக்கு முன்னால், அவனுக்கே முன்னால் எனக்குத் தெரிந்தது. இந்தக் காது வேறு எதற்கு இருக்கிறது?

"குரல் ஒரு மாதிரி இருக்கேண்ணே, டாக்டர்கிட்ட காட்டிடட்டுமா?" என்று அவனே கேட்டான்.

"எதுக்கு? இந்தப் பாத்திரத்துக்குக் கடவுளாப் பார்த்துக் குடுத்திருக்கார். டாக்டர்கிட்ட போனா முதல்ல பேசக் கூடாதும்பார். டப்பிங் முடியட்டும்."

அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டர் என்றாலே நடுங்குகிறவன். ஆனால் அவன் மனைவி விடுகிற ஆள் இல்லை. தொண்டை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நான் சொன்னா இவர் கேக்க மாட்டார். நீங்க சொன்னாக் கேப்பார். நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாதேம்மா" என்றேன்.

கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மருந்துக்கடை வாசலில் நின்று டாக்டரின் வரவேற்பறைக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். தம்பியின் குரலில் பேசினேன். அந்தக் கரகரப்போடு, அந்தத் தயக்கத்தோடு. "படப்பிடிப்பு வந்துடுச்சும்மா, நானே அப்புறமா நேரம் கேட்டுக்கறேன்" என்றேன். "சார், நான் உங்க ரசிகை சார்" என்றாள் அந்தப் பெண். நன்றி சொல்லி வைத்தேன். அவன் குரலில் நான் பேசிய முதல் வசனம் அதுதான். சுத்தமாக வந்திருந்தது.

காருக்குத் திரும்பி வந்து, "டாக்டர்கிட்டயே பேசிட்டேன். எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். வெறும் வீக்கம்தானாம். வெந்நீர்ல கொப்பளிச்சாப் போதுமாம்" என்றேன்.

அவன் முகம் அப்படி மலர்ந்தது. "அவகிட்ட நேர்லயே பார்த்ததாச் சொல்லிடுங்கண்ணே, இல்லேன்னா பிடுங்கி எடுத்துடுவா" என்றான். அப்படியே சொன்னேன்.

என்ன ஆகும் என்று நினைத்தேன்? குரல் போகும், என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதில் எனக்கு என்ன லாபம்? அவன் முகம் எனக்கு வேண்டுமே.

ஆனால் பயிற்சியாளர் படம் வெளிவந்ததும் அந்தக் கரகரப்பையே தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "குரலாலேயே ஒரு வாழ்க்கையைச் சொல்கிறார்" என்று எழுதினார்கள். மறுபடியும் விருது. உங்கள் வரிசையில் அது இரண்டாவது இடத்துக்கு வந்தது. நான் இரண்டு காதாலும் கேட்டு ஒதுக்கிய நோய்க்கு விருது கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவன் தினமும் என்னிடம் தொண்டையைக் காட்டுவான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, பழுக்கிறதுப்பா, குரல் பழுக்கிறது என்பேன்.

அடுத்து லாரி டிரைவராக நடித்த படத்துக்குப் பாதி டப்பிங் பேசியிருந்தபோது ரத்தமாக இருமினான். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. முன்பே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் ஆபரேஷன் செய்தவர். சினிமா டாக்டர்கள் சொல்கிற வசனம் மாதிரிதான் இருந்தது. அதையே இன்னும் நன்றாகச் சொல்லலாம்.

பாதி பேசிய படத்தை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் என்னிடம் வந்தார். இந்த முறை என் குரலில் பேசவில்லை. அவன் பேசிய முதல் பாதிக்குப் பொருந்துவது போல அவன் குரலிலேயே பேசினேன், அந்தத் தயக்கத்தை மட்டும் கொஞ்சம் திருத்தி. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "அவர் குரலில் இதுவரை கேட்காத கம்பீரம்" என்று உங்கள் இதழ் எழுதியது. வசூலில் போலீஸ் படத்தை முந்திவிட்டது. அதனால் என் வரிசையில் லாரி டிரைவர்தான் முதலிடம். போலீஸ் படம் இரண்டாவது. கேட் காவலாளியை எங்கே போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கணக்கிலும் நியாயமாகப் பார்த்தால் அவன் தானாகப் பேசிய படங்கள் எல்லாம் இடைக்கால முயற்சிகள்தான். நான் அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. அவன் படங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

போன வாரம் அவன் மனைவி அந்தத் தொண்டை டாக்டரிடம் சண்டை போடப் போயிருக்கிறாள். வீக்கம் என்று சொல்லி என் புருஷனைக் கெடுத்துவிட்டீர்களே என்று. அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, உங்கள் கணவர் வரவே இல்லை, அவரே போன் செய்து வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டிருக்கிறாள். தான் போன் செய்யவே இல்லை என்று தலையாட்டியிருக்கிறான்.

நேற்று நான் வழக்கம்போல அவனைப் பார்க்கப் போனேன். ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் கதவருகில் நின்றுகொண்டு, உட்காருங்கள் என்று சொல்லாமல், "இவர் குரல்ல போன் பண்ணினது யாருண்ணா?" என்றாள்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுதுபலகையை நீட்டினாள், அவன் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தான். சின்னச் சொல்தான். ஒன்றையே மூன்று நான்கு தடவை சொன்னான். கண் கலங்கியிருந்தது.

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் அவள். வாயசைப்பைப் படிப்பதில் என்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"'பரவாயில்ல'ங்கிறான்மா" என்றேன்.

அப்படித்தான் சொன்னான். அந்தச் சொல்லுக்கு முதலில் உதடு இரண்டும் ஒட்ட வேண்டும், அவனுக்கு ஒரு தடவைகூட ஒட்டவில்லை. உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டது, பாவம்.